அட்டவணையும் திரையும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, நிலப்பட்டா, கல்வி உதவித்தொகை என எதற்காக ஓர் அலுவலகத்திற்குச் சென்றாலும், எதிரில் இருப்பவர் கணினித் திரையைப் பார்த்தே நமக்கு விடை கூறுகிறார். அத்திரையில் நம் பெயர் இல்லையெனில், நேரில் நின்றாலும் நாம் இல்லாதவர் ஆகிவிடுகிறோம். திரையில் தெரியும் எழுத்துகள் எங்கே சேமிக்கப்பட்டுள்ளன? அவை எவ்வழியே திரைக்கு வருகின்றன? திரையில் திருத்தியவுடன் சேமிப்பிலும் அவை திருந்திவிடுகின்றனவா? மென்பொருள் உருவாக்கத்தில் தரவுப் பிணைப்பு என வழங்கும் நுட்பத்தை அறிந்தால் இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும். நெசவூர் ஒன்றின் கணக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்நுட்பத்தை இப்பாடம் விளக்குகிறது.

நெசவூரும் கணக்கேடும்

திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள பேரூர் பொதட்டூர்பேட்டை. முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகிய திருத்தணிக்கு அண்மையில் இவ்வூர் உள்ளது. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இவ்வட்டாரத்தில் நெசவு நெடுங்காலமாக முதன்மையான தொழிலாக விளங்கி வருகிறது.

நெசவுத் தொழிலில் தறிக்கு நிகரான இன்றியமையாமை கணக்கேட்டுக்கும் உண்டு. நெசவாளர் நூல் பெற்றுச் செல்கிறார். துணி நெய்து கொடுக்கிறார். அதற்குரிய கூலியைப் பெறுகிறார். இன்னார், இன்ன நாளில், இவ்வளவு நூல் பெற்றார். இத்தனை சேலை கொடுத்தார். முன்பணம் போக இவ்வளவு பெறவேண்டும் என்பன ஏட்டில் பதியப்படுகின்றன. அவ்வேட்டில் ஓர் எண் பிழைபட்டால் ஒரு குடும்பத்தின் அந்த வார வரவு குறையும். ஆகவே, ஏட்டைக் கணினிக்கு மாற்றும்போது கைவேகம் கூடுவது மட்டும் போதாது. ஏட்டில் இருந்த நம்பகத்தன்மை கணினியிலும் இருத்தல் வேண்டும்.

இத்தகைய ஊரில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தன் கணக்கைக் கணினியில் பதியத் தொடங்குவதாகக் கொள்வோம். இப்பாடத்தில் வரும் சங்கமும் அதன் தொகைகளும் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டவை.

தறி அட்டையிலிருந்து அட்டவணை வரை

கணினித் தரவின் வரலாற்றில் தறிக்கும் ஓர் இடமுண்டு. பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார் 1804ஆம் ஆண்டளவில், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலைப்பாட்டை நெய்யும் தறியை உருவாக்கினார். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் பாவு இழை மேலே எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. ஜக்கார்டு என்னும் பெயரில் அம்முறை இன்றும் நம் ஊர்த் தறிகளில் வழங்குகிறது. ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் பாபேஜ் தாம் வடிவமைத்த பகுப்பாய்வுப் பொறியை இத்தகைய அட்டைகளால் இயக்கத் திட்டமிட்டார். ஹெர்மன் ஹாலரித் என்பவர் 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற்குத் துளை அட்டைகளைப் பயன்படுத்தினார். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. ஒரு செய்திக்கு ஒரு துளையிடம் என்பது அம்முறை. அவருடைய நிறுவனம் 1911இல் வேறு சிலவற்றோடு இணைந்தது. இணைந்த நிறுவனமே 1924இல் ஐ.பி.எம். எனப் பெயர் பெற்றது.

அதே ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் உறவுநிலைத் தரவுத்தளக் கொள்கையை வெளியிட்டார். எல்லாச் செய்திகளையும் எளிய அட்டவணைகளாக வைக்கலாம். அட்டவணைகளுக்கு இடையிலான உறவை அவற்றில் உள்ள மதிப்புகளைக் கொண்டே அறியலாம் என்பது அக்கொள்கையின் சாரம். 1974இல் டொனால்டு சாம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் அட்டவணைகளிடம் வினாத் தொடுப்பதற்கென ஒரு மொழியை அமைத்தனர். அதுவே வளர்ந்து எஸ்.கியூ.எல். என வழங்குகிறது.

அட்டவணையின் அமைப்பு

அட்டவணையின் ஒவ்வொரு கிடைவரிசையும் ஒரு பதிவு எனப்படும். ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு புலம் எனப்படும். நம் சங்கத்திற்குப் பின்வரும் அட்டவணைகள் தேவைப்படுகின்றன.

| அட்டவணை | புலங்கள் |
|---|---|
| நெசவாளர் | நெசவாளர் எண், பெயர், ஊர் எண், வங்கிக் கணக்கு எண் |
| ஊர் | ஊர் எண், ஊர்ப்பெயர், வட்டம், மாவட்டம், மாநிலம் |
| துணி வகை | வகை எண், வகைப்பெயர், கூலி விகிதம் |
| துணி வரவு | வரவு எண், நெசவாளர் எண், நாள், வகை எண், எண்ணிக்கை, கூலி |
| நூல் வழங்கல் | வழங்கல் எண், நெசவாளர் எண், நாள், எடை |

நெசவாளர் அட்டவணையில் ஒருவருக்குரிய எண் மற்றொருவருக்கு இராது. இவ்வாறு ஒரு பதிவைத் தனித்து அடையாளம் காட்டும் புலம் முதன்மைத் திறவுகோல் எனப்படும். பெயரைத் திறவுகோலாகக் கொள்ளல் ஆகாது. ஒரே தெருவில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உடைய இருவர் இருப்பது நம் ஊர்களில் இயல்பு. துணி வரவு அட்டவணையில் நெசவாளரின் பெயர் இல்லை; எண் மட்டுமே உள்ளது. வேறோர் அட்டவணையின் முதன்மைத் திறவுகோலைச் சுட்டி நிற்கும் இத்தகைய புலம் அயல் திறவுகோல் எனப்படும்.

ஒரே ஊர், பல முகவரிகள்

ஊருக்கென ஏன் தனி அட்டவணை வேண்டும்? இவ்வட்டாரத்தின் வரலாற்றிலேயே அதற்கு விடை உண்டு. பொதட்டூர்பேட்டை அடங்கிய திருத்தணி வட்டாரம் விடுதலைக் காலத்தில் சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. 1956 நவம்பர் 1 அன்று அம்மாநிலம் ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்து செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1969 சனவரி 14 அன்று சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் மாறியது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் உருவானது.

1950இல் இங்குப் பிறந்த ஒருவர், பிறந்த வீட்டைவிட்டு ஓரடியும் நகராமலே ஐந்து முறை முகவரி மாறப் பெற்றார். மாவட்டத்தையும் மாநிலத்தையும் ஒவ்வொரு நெசவாளரின் பதிவிலும் எழுதி வைத்திருந்தால், 600 நெசவாளர்கள் உள்ள சங்கம் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் 600 பதிவுகளைத் திருத்த வேண்டும். அவற்றுள் பத்துப் பதிவுகள் விடுபட்டால், அப்பத்துப் பேரும் வேறு மாவட்டத்தாராகக் கருதப்பட்டு உதவித்தொகை மறுக்கப்படலாம். ஊர் என்னும் தனி அட்டவணை இருந்தால் ஒரு பதிவைத் திருத்துவதே போதும். அதனோடு பிணைந்த திரைகள் அனைத்தும் புதிய மாவட்டத்தையே காட்டும்.

திரையின் உறுப்புகள்

அட்டவணையைப் பயனாளர் நேரடியாகக் கையாளுவதில்லை. அவர் முன் தோன்றுவது படிவம். படிவத்தின் மேல் அமைந்த உறுப்புகள் கட்டுப்பாடுகள் எனப்படும். ஒரு சொல்லையோ எண்ணையோ காட்டவும் திருத்தவும் உரைப்பெட்டி உதவுகிறது. ஆம், இல்லை என்னும் விடைக்குத் தேர்வுப்பெட்டி பயன்படுகிறது. பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பட்டியல் பெட்டியும், பல பதிவுகளை ஒருங்கே காட்டக் கட்டக்காட்டியும் உள்ளன. செயலைத் தொடங்கி வைப்பது பொத்தான்.

இவை யாவும் தம்மளவில் வெற்றுச் சட்டங்களே. உரைப்பெட்டிக்குத் தன்னில் உள்ளது ஒருவரின் பெயரா, கணக்கு எண்ணா என்பது தெரியாது. அதனை அட்டவணையின் புலத்தோடு தொடர்புபடுத்த இரு வழிகள் உண்டு.

கையால் நகலெடுத்தலும் பிணைத்தலும்

முதல் வழி, நிரலர் ஒவ்வொன்றையும் தாமே நகலெடுக்குமாறு கட்டளைகள் எழுதுவது. பெயர்ப் புலத்தை எடுத்துப் பெயர்ப்பெட்டியில் இடு. கணக்கு எண் புலத்தை எடுத்துக் கணக்குப்பெட்டியில் இடு எனக் கட்டளைகள் நீளும். திருத்திய பின் திரும்ப எழுதுவதற்கும் அத்தனை கட்டளைகள் வேண்டும். எட்டுப் புலங்கள் உள்ள படிவத்திற்குப் பதினாறு நகலெடுப்புகள் தேவை. அவற்றுள் ஒன்றை நிரலர் மறந்தால் என்ன நேரும்? கணக்கு எண்ணைத் திரைக்குக் கொண்டுவரும் கட்டளை இருந்து, திரும்ப எழுதும் கட்டளை மட்டும் விடுபட்டதாகக் கொள்வோம். நெசவாளர் புதிய வங்கிக் கணக்கைத் தெரிவிக்கிறார். எழுத்தர் அதைத் தட்டச்சு செய்து சேமிக்கிறார். சேமிக்கப்பட்டது என்னும் செய்தியும் தோன்றுகிறது. அட்டவணையிலோ பழைய எண்ணே நிற்கிறது; கூலி மூடிய கணக்கிற்குச் செல்கிறது. எழுத்தரும் நெசவாளரும் தத்தம் கடமையைச் செய்திருந்தும் பணம் வந்து சேரவில்லை.

இரண்டாவது வழி பிணைத்தல். இதில் நிரலர், இப்பெட்டி இந்தப் புலத்திற்குரியது என அறிவித்துவிடுகிறார். இரு திசையிலும் மதிப்பைக் கொண்டுசெல்லும் பணியை மென்பொருள் ஏற்கிறது. பாவின் ஊடே இருபுறமும் சென்று திரும்பும் நாடாவைப் போல, மதிப்பு அட்டவணைக்கும் திரைக்கும் இடையே சென்று வருகிறது.

பிணைப்பில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது தரவு மூலம். அஃது ஓர் அட்டவணையாகவோ, வினவலின் விடையாகவோ இருக்கலாம். இரண்டாவது இணைப்பி. தரவு மூலத்தில் இப்போது எந்தப் பதிவில் நிற்கிறோம் என்பதை நினைவில் வைத்திருப்பது இதுவே. அப்பதிவு நடப்புப் பதிவு எனப்படும். மூன்றாவது கட்டுப்பாடு. அதற்கு இரண்டு பண்புகளைத் தந்தால் போதும்: எந்த மூலம், எந்தப் புலம். அடுத்த பதிவுக்குச் செல்லும் பொத்தானை அழுத்தினால் இணைப்பி ஒரு பதிவு நகர்கிறது. அதனோடு பிணைந்த எல்லாப் பெட்டிகளும் ஒருசேரப் புதிய பதிவைக் காட்டுகின்றன.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1993இல் வெளியிட்ட விஷுவல் பேசிக் மூன்றாம் பதிப்பு இவ்வசதியைச் சிறு நிறுவனங்களின் நிரலர்களுக்கும் எட்டச் செய்தது. 1995இல் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்ட டெல்ஃபி, அட்டவணை, தரவு மூலம், தரவறி கட்டுப்பாடு என்னும் மூன்று அடுக்குகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. 2002இல் வந்த டாட்நெட், தரவின் படியொன்றை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, தரவுத்தளத் தொடர்பு இல்லாதபோதும் பணிசெய்து, பின்னர் மாற்றங்களை அனுப்பும் முறையை முன்வைத்தது. கட்டற்ற மென்பொருளாகிய லிப்ரே ஆபிஸ் பேஸ் கொண்டு, பள்ளிக் கணினியிலேயே பிணைந்த படிவத்தை அமைத்துப் பார்க்கலாம்.

> தெரிந்து தெளிவோம்
> தரவையும் அதன் தோற்றத்தையும் தனித்தனியே வைக்க வேண்டும் என்னும் கருத்தை நார்வே நாட்டின் திரிக்வே ரீன்ஸ்காக் 1979இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் வகுத்தளித்தார். மாதிரி, தோற்றம், கட்டுப்படுத்தி என்னும் அவருடைய முப்பகுப்பு இன்றைய மென்பொருள்கள் பலவற்றுக்கும் அடிப்படையாக உள்ளது.

பிணைப்பின் வகைகள்

உரைப்பெட்டி ஒன்று ஒரு புலத்தின் ஒரு மதிப்பை மட்டும் காட்டுவது ஒற்றைப் பிணைப்பு. கட்டக்காட்டியில் பல பதிவுகளைக் காட்டுவது பட்டியல் பிணைப்பு.

பட்டியல் பெட்டியில் இவ்விரண்டும் சேர்ந்து நிகழ்கின்றன. நெசவாளர் படிவத்தில் ஊரைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி, ஊர் அட்டவணையிலிருந்து எல்லாப் பெயர்களையும் எடுத்துக் காட்டுகிறது. எழுத்தர் பொதட்டூர்பேட்டை என்பதைத் தேர்ந்தெடுத்தால், நெசவாளர் பதிவில் சேமிக்கப்படுவது அதன் எண் மட்டுமே. காட்டுவது பெயர்; சேமிப்பது திறவுகோல்.

ஒருவரின் விவரத்தையும் அவர் கொடுத்த துணிகளின் பட்டியலையும் ஒரே படிவத்தில் காட்டுவது தலைமை–விவரப் பிணைப்பு. மேலே நெசவாளர் மாறினால் கீழே உள்ள பட்டியலும் அவருக்குரியதாக மாற வேண்டும். இரண்டையும் நெசவாளர் எண்ணால் இணைக்காமல் விட்டால், மேலே ஒருவர் பெயரும் கீழே மற்றொருவர் வரவும் தெரியும். திரை அழகாகவே இருக்கும், கூலி மாறிப்போகும்.

மதிப்பு செல்லும் திசையையும் கருத வேண்டும். பெயரும் கணக்கு எண்ணும் இருதிசைப் பிணைப்புக்குரியவை. நெசவாளர் எண்ணோ, மொத்தக் கூலியோ பார்ப்பதற்கு மட்டுமே உரியவை. அவற்றை ஒருதிசைப் பிணைப்பாக்கி, திருத்த இயலாதவாறு வைத்தல் வேண்டும்.

எதைப் பிணைப்பது? எதைப் பதிந்து வைப்பது?

எல்லாவற்றையும் பிணைத்துவிட்டால் நன்று எனத் தோன்றலாம். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவகைச் சேலைக்குக் கூலி 400 ரூபாய். ஒருவர் தை மாதத்தில் 8 சேலைகள் கொடுத்து 3200 ரூபாய் பெற்றார். சித்திரையில் கூலி 440 ரூபாயாக உயர்ந்தது. துணி வரவுப் பதிவில் கூலியை எழுதாமல், திரையில் காட்டும்போதெல்லாம் துணி வகை அட்டவணையின் விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால், தை மாத வரவும் 3520 ரூபாய் எனத் தெரியும். அவருக்கு 320 ரூபாய் பாக்கி இருப்பதாகப் பொய்யான கணக்கு எழும். விகிதம் குறைக்கப்பட்டாலோ, அவர் கூடுதலாகப் பெற்றுவிட்டதாகத் திரை குற்றம் சாட்டும்.

ஆகவே, வரவு நிகழ்ந்த நாளின் கூலியை அப்பதிவிலேயே எழுதி வைத்தல் வேண்டும். ஊரின் இன்றைய மாவட்டம் எல்லாருக்கும் பொதுவான நடப்பு நிலை. அதை ஓரிடத்தில் வைத்துப் பிணைக்கலாம். கொடுத்த கூலி நடந்து முடிந்த நிகழ்வு. அதைப் பின்னாளில் வரும் மாற்றம் தொடலாகாது. 1958இல் வழங்கிய பிறப்புச் சான்றில் சித்தூர் மாவட்டம் என்றிருந்தால், இன்று அதைத் திருவள்ளூர் எனத் திருத்துவது வரலாற்றைப் பொய்ப்பதாகும். பழைய மாவட்டங்களும் தேவையெனில், எந்நாள் முதல் எந்த மாவட்டம் என்னும் தொடக்க நாளோடு அவற்றைத் தனி அட்டவணையில் பதியலாம். இவ்வேறுபாட்டைக் கணினி தானே அறியாது. கணக்கின் பொருளை உணர்ந்த மனிதரே அதை முடிவு செய்ய வேண்டும்.

திரையில் மாற்றியது எப்போது அட்டவணைக்குச் செல்லும்?

உரைப்பெட்டியில் ஓர் எண்ணை மாற்றியவுடன் அட்டவணை மாறிவிடுவதில்லை. மாற்றம் முதலில் பெட்டியில் மட்டுமே உள்ளது. அடுத்த பெட்டிக்குச் சென்றதும் அது நினைவகத்தில் உள்ள நடப்புப் பதிவின் படிக்குச் செல்கிறது. சேமிக்கும் கட்டளை கிடைத்த பின்னரே தரவுத்தளத்தை அடைகிறது. இடையில் மின்சாரம் நின்றால் மாற்றம் மறைந்துவிடும்.

துணி வரவு என்னும் ஒரு நிகழ்வு, வரவுப் பதிவு ஒன்றைச் சேர்த்தல், கூலியை வரவு வைத்தல், கையிருப்பு நூலைக் குறைத்தல் என மூன்று மாற்றங்களைக் கொண்டிருக்கலாம். முதல் இரண்டும் நிகழ்ந்து மூன்றாவது நின்றுபோனால் கணக்கு முறியும். மூன்றும் நிறைவேற வேண்டும். இல்லையேல் எதுவும் நிறைவேறலாகாது. இவ்வாறு ஒரு தொகுதியாகக் கட்டப்பட்ட மாற்றங்கள் பரிவர்த்தனை எனப்படும்.

இருவர் ஒரே பதிவைத் திறந்தால்

சங்கத்தின் கிடங்கில் 20 கிலோ நூல் இருப்பு உள்ளது. இரு எழுத்தர்கள் இருவேறு கணினிகளில் அப்பதிவைத் திறக்கின்றனர். இருவர் திரையிலும் 20 என்றே தெரிகிறது. முதலாமவர் 5 கிலோ வழங்கி, இருப்பை 15 எனச் சேமிக்கிறார். இரண்டாமவர் 3 கிலோ வழங்கி, தம் திரையில் உள்ள 20இலிருந்து கழித்து 17 எனச் சேமிக்கிறார். உண்மையில் இருப்பது 12 கிலோ. அட்டவணை கூறுவது 17 கிலோ. ஆண்டிறுதித் தணிக்கையில் 5 கிலோ நூலைக் காணோம் என்பர். எவரும் எடுக்காத நூலுக்குக் கிடங்குப் பொறுப்பாளர் விடை கூற நேரும்.

இதனைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு. ஒருவர் திறந்த பதிவைப் பிறர் திருத்த இயலாதவாறு பூட்டி வைப்பது ஒன்று. சேமிக்கும்போது, நாம் படித்த பின்னர் அப்பதிவு மாறியுள்ளதா எனச் சரிபார்த்து, மாறியிருந்தால் எச்சரிப்பது மற்றொன்று. இருப்பு எண்ணை அழித்து எழுதுவதையே விடுத்து, ஒவ்வொரு வழங்கலையும் தனிப் பதிவாகச் சேர்த்து, இருப்பைக் கூட்டிக் கழித்துப் பெறுவது மூன்றாவது. பழைய கணக்கப்பிள்ளைகள் பேரேட்டில் வரவையும் செலவையும் வரிவரியாக எழுதி, அடித்துத் திருத்துவதைத் தவிர்த்ததும் இம்முறையை ஒத்ததே.

தமிழ் எழுத்தும் தரவும்

தமிழில் தரவைப் பதியும்போது கருத வேண்டியவை சில உள்ளன. பொதட்டூர்பேட்டை என்னும் பெயரின் முதலெழுத்தையே பார்ப்போம். யூனிகோடு முறையில் பொ என்பதைப் பகரத்தோடு ஒகரக் குறியீடு ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அட்டவணையிலோ அவை வெவ்வேறு குறியெண்களாக நிற்கும். இயல்பாக்கம் செய்யாவிடில், ஒருவகையில் எழுதிய ஊரை மற்றொரு வகையில் தேடினால், இல்லை என்னும் விடை வரக்கூடும். ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைப்பதன் பயனை இங்கு உணரலாம்.

அகர வரிசையும் அத்தகையதே. யூனிகோடு அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரமும் அதன்பின் பகரமும் உள்ளன. தமிழ் நெடுங்கணக்கில் னகரம் மெய்களின் இறுதியில் வருகிறது. குறியெண்படி மட்டும் வரிசைப்படுத்தினால் கபிலன் என்பதற்கு முன் கனகா வந்துவிடும். தமிழுக்குரிய வரிசை விதியைத் தரவுத்தளத்தில் அமைத்தால் கபிலன் முன்னும் கனகா பின்னும் முறையாக நிற்கும்.

எண்ணும் வெற்றிடமும்

வங்கிக் கணக்கு எண்ணை எண் வகையாகச் சேமித்தால், முன்னால் உள்ள சுழியம் நீங்கிவிடும். கூட்டவோ கழிக்கவோ பயன்படாத எண், உரை வகையாகவே சேமிக்கப்பட வேண்டும். அதுபோலவே சுழியமும் வெற்றிடமும் ஒன்றல்ல. முன்பணம் 0 என்றால் அவர் பெறவில்லை என்பது பொருள். முன்பணம் வெற்றிடம் என்றால் இன்னும் பதியப்படவில்லை என்பது பொருள். வெற்றிடத்தைத் திரை சுழியமாகக் காட்டினால், அறியாததை அறிந்ததாகக் கூறும் பிழை நேரும்.

தவறான மதிப்பு உட்புகாமல் தடுக்கும் சரிபார்ப்பு, திரையிலும் தரவுத்தளத்திலும் ஆகிய இரண்டிடத்திலும் இருத்தல் நன்று. சேலையின் எண்ணிக்கை குறைமதிப்பாக இராது என்பதைத் திரை உடனே சுட்டிக்காட்டலாம். ஆயினும், வேறு வழியாக வரும் தரவையும் தடுக்க வல்லது தரவுத்தளத்தின் விதியே ஆகும்.

நிறைவாக

அட்டவணையைச் செம்மையாக அமைத்தலும், நடப்பு நிலையைப் பிணைத்தலும், நடந்த நிகழ்வைப் பதிந்து காத்தலும், மாற்றங்களைத் தொகுதியாகச் சேமித்தலும் நல்ல மென்பொருளின் இலக்கணங்கள். இவற்றுள் எதையும் பயனாளர் கண்ணால் காண்பதில்லை. கூலி பெற வரிசையில் நிற்பவர் திரையைக்கூடப் பார்ப்பதில்லை. எழுத்தர் கூறுவதையே நம்புகிறார். எழுத்தர் திரையை நம்புகிறார். அந்நம்பிக்கையைக் காக்கும் பொறுப்பு நிரலரிடம் உள்ளது. நாளை உங்களுள் சிலர் அப்பொறுப்பை ஏற்பீர்கள். மற்றவர்களும் ஒரு திரையின் முன் நிற்கும்போது, இச்செய்தி எந்த அட்டவணையிலிருந்து வருகிறது, எந்நாளில் பதியப்பட்டது, பிழையிருந்தால் எங்கே திருத்த வேண்டும் என வினவும் அறிவைப் பெறுதல் வேண்டும்.

கலைச்சொல் அறிவோம்

- புலம் – அட்டவணையின் ஒரு நெடுவரிசை
- பதிவு – அட்டவணையின் ஒரு கிடைவரிசை
- முதன்மைத் திறவுகோல் – ஒரு பதிவைத் தனித்து அடையாளம் காட்டும் புலம்
- அயல் திறவுகோல் – வேறோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் புலம்
- நடப்புப் பதிவு – இணைப்பி இப்போது நிற்கும் பதிவு
- பரிவர்த்தனை – முழுதும் நிறைவேறவேண்டிய மாற்றங்களின் தொகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி நூலகத்தின் நூல் வழங்கல் ஏட்டைப் பார்வையிட்டு, அதற்குத் தேவையான அட்டவணைகளையும் புலங்களையும் பட்டியலிடுக.
2. உங்கள் ஊர் கடந்த நூறு ஆண்டுகளில் எந்தெந்த மாவட்டங்களில் இருந்தது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து, தொடக்க நாளுடன் அட்டவணைப்படுத்துக.
3. உங்கள் பகுதித் தொழில் ஒன்றின் கணக்கேட்டில் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு விளக்கம் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஊரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் பெட்டியின் வழியே நெசவாளர் பதிவில் சேமிக்கப்படுவது
 அ) ஊர்ப்பெயர் ஆ) ஊர் எண் இ) மாவட்டம் ஈ) வட்டம்

2. திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தோடு இணைந்த ஆண்டு
 அ) 1953 ஆ) 1956 இ) 1960 ஈ) 1969

குறுவினா

1. பெயரை முதன்மைத் திறவுகோலாகக் கொள்ளல் ஆகாது. ஏன்?
2. சுழியம், வெற்றிடம் – வேறுபடுத்துக.

சிறுவினா

1. தரவுப் பிணைப்பின் மூன்று பகுதிகளை விளக்குக.
2. ஒரே இருப்புப் பதிவை இருவர் திருத்துவதால் நேரும் பிழையையும் அதனைத் தவிர்க்கும் வழிகளையும் எழுதுக.

நெடுவினா

1. எல்லா மதிப்புகளையும் பிணைப்பதே சிறந்தது என்னும் கருத்தை, கூலிக் கணக்கையும் ஊரின் மாவட்ட மாற்றத்தையும் சான்றாகக் கொண்டு ஆராய்க.